'ரேம்' வாங்க ரிச்சி தெருவுக்கு போறீங்களா? பழசை கையோடு எடுத்துட்டு போங்க!

சென்னை அண்ணா சாலையை ஒட்டி உள்ளது ரிச்சி தெரு. மதர் போர்டு ஒரு கடை, பிராசசர் ஒரு கடை என்று அலைந்து வாங்கி, வீட்டிலேயே கம்ப்யூட்டர் பூட்டுபவர்கள் இங்கு தினமும் வருகிறார்கள்.

இதில் பலரும் கோட்டை விடுவது 'ரேம்' எனப்படும் மெமரி சிப்பில்தான். "8 ஜி.பி. ரேம் கொடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கிப் போவார்கள். வீட்டில் ஸ்லாட்டில் ஏறாது. கடைக்கு திரும்பி வந்தால், பிரித்த பொருளை வாபஸ் வாங்க மாட்டார்கள். பையன் படிப்புக்காக சேர்த்த பணம் அம்போ!

2025-ம் ஆண்டு கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளியதால் உலகம் முழுக்க ரேம் விலை எகிறியது. அதனால் ஒரு தடவை தப்பாக வாங்கினாலும் நஷ்டம் பெரிசு.

வெட்டை பாருங்க

டெஸ்க்டாப் ரேமில் டி.டி.ஆர். முதல் டி.டி.ஆர்.5 வரை 5 தலைமுறை உண்டு. டி.டி.ஆர்.3 வந்தது 2007-ல். டி.டி.ஆர்.4 வந்தது 2014-ல். டி.டி.ஆர்.5-க்கான தர விதிகள் 2020-ல் வெளியாயின.

ஒன்றுக்கு பதில் இன்னொன்றை போட முடியாது. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் 288 பின்கள்தான். ஆனால் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். கரண்டும் வேறு. டி.டி.ஆர்.3-க்கு 1.5 வோல்ட், டி.டி.ஆர்.4-க்கு 1.2 வோல்ட், டி.டி.ஆர்.5-க்கு 1.1 வோல்ட். பலமாக அமுக்கி ஏற்றினால் ஸ்லாட் உடைந்து மதர் போர்டுக்கே வேட்டு!

பிராசசர் பெயர் போதாது

இன்டெல் 12, 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு டி.டி.ஆர்.4 போர்டும் உண்டு, டி.டி.ஆர்.5 போர்டும் உண்டு. எனவே மதர் போர்டு மாடல் நம்பரை எழுதிக்கொண்டு போவதே நல்லது. போர்டு மேலேயே அச்சடித்திருக்கும்.

கம்ப்யூட்டர் ஓடுகிற நிலையில் இருந்தால் 'சி.பி.யு.-இசட்' என்ற இலவச சாப்ட்வேர் எல்லாவற்றையும் காட்டிவிடும். அதுவும் முடியாவிட்டால், பழைய ரேமை கழற்றி கையோடு கொண்டு போய் காட்டுங்கள்.

போர்டு எத்தனை ஜி.பி. வரை தாங்கும் என்பதையும் பாருங்கள். பழைய எச்61 போர்டுகளில் 16 ஜி.பி.க்கு மேல் ஏறாது. 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் போட்டும் பிரயோஜனம் இல்லை.

சர்வர் ரேம் உஷார்

பழைய சர்வர்களில் இருந்து கழற்றிய ரேம் சல்லிசாக கிடைக்கும். பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும். ஆனால் 'ரெஜிஸ்டர்டு' வகை சர்வர் ரேம் சாதாரண வீட்டு கம்ப்யூட்டரில் வேலை செய்யாது. லேபிளில் வேக எண்ணுக்கு பின்னால் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் வாங்காதீர்கள்.

ஜோடி நல்லது

ஒரே 16 ஜி.பி.க்கு பதில் இரண்டு 8 ஜி.பி. போட்டால் வேகம் கூடும். ஸ்பீடு வேறு வேறான இரண்டை சேர்த்தால், வேகமானதும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும்.

போட்டதும் 'பீப் பீப்' என்று கத்துகிறதா? பயப்பட வேண்டாம். பிளக்கை பிடுங்கிவிட்டு ரேமை கழற்றுங்கள். தங்க நிற பின்களை பென்சில் ரப்பரால் மெதுவாக துடைத்து, இரண்டு பக்கமும் 'கிளிக்' சத்தம் கேட்கும்படி மாட்டுங்கள். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

அப்புறம் 'மெம்டெஸ்ட்' என்ற இலவச சாப்ட்வேரை ஒரு ராத்திரி ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும், பில்லோடு மறுநாளே கடைக்கு போய்விட வேண்டும். பில் இல்லாமல் ரேம் வாங்கினால் வாரண்டி கேட்பது சிரமம்.