நூலகம்: வாசல் பெரிது, வழி எங்கே?

ஆய்விதழ்களுக்குக் கோடிகள் செலவாகின்றன. ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்று ஆய்வு மாணவருக்குச் சொல்லும் நாலு பக்க வழிகாட்டி பல பல்கலைக் கழக நூலகங்களில் இல்லை. இருக்கும் இடங்களிலோ அதைக் கேட்பவர்கள் இல்லை.

கபீரையும் நம்மாழ்வாரையும் ஒப்பிட்டு ஆய்வு செய்ய விரும்பும் ஒரு மாணவர், வட இந்தியப் பல்கலைக் கழகம் ஒன்றின் நூலகத்துக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பின்பற்றுவது ட்யூயி தசமப் பகுப்பு முறை என்றால், கபீர் 891.43ல் இருப்பார். அது இந்தி இலக்கியத்தின் எண். நம்மாழ்வாரைத் தேடி 894.811க்குப் போக வேண்டும். ட்யூயி கணக்கில் தமிழ் இலக்கியத்துக்கு அண்டை வீட்டார் துருக்கி, ஹங்கேரி, ஃபின்லாந்து இலக்கியங்கள். இருவரையும் பக்தர்களாகப் பார்க்கும் நூல்கள் 294.5ல், சமயப் பிரிவில். காலப் பின்னணிக்கு 954, இந்திய வரலாறு. பாடல்களின் இசை பற்றி அறிய 780.

ஒரு தலைப்பு, ஐந்து அலமாரிகள். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு மணி நேர வேலை. சொல்லாவிட்டால் மாதங்கள் ஓடிவிடும். நெறியாளரும் நூலகம் பக்கம் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு புதிதல்ல. ஒரு பாடத்துக்கான அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், நூற்பட்டியல்கள், முக்கிய ஆய்விதழ்கள், தரவுத்தளங்கள், அலமாரி எண்கள், தேடும்போது பயன்படுத்த வேண்டிய சொற்கள், உதவி கேட்க வேண்டிய நூலகர் ஆகிய அனைத்தையும் சில பக்கங்களில் தொகுத்துத் தருவதுதான் ஆய்வு வழிகாட்டி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நூலகம் 1970களின் தொடக்கத்தில் இத்தகைய தாள்களுக்கு 'பாத்ஃபைண்டர்' என்று பெயரிட்டது. 2007ல் ஸ்பிரிங்ஷேர் என்ற நிறுவனம் 'லிப்கைட்ஸ்' மென்பொருளைக் கொண்டுவந்த பிறகு, தாள்கள் இணையப் பக்கங்களாயின. இந்தியாவிலும் சில நூலகங்கள் இப்போது இவற்றைத் தயாரிக்கின்றன.

இதன் வேர் நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931ல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். அவற்றில் நான்காவது, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது. பின்னர் வாரணாசிக்கும், 1947ல் தில்லிப் பல்கலைக் கழகத்துக்கும் சென்ற அவர், புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதோடு நூலகரின் கடமை முடிந்துவிடாது என்பதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். அவர் உருவாக்கிய கோலன் பகுப்பு முறையில் இந்தி இலக்கியத்துக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் 'ஓ' என்ற ஒரே ஆங்கில எழுத்துதான். பின்னால் வரும் எண் மட்டும் 152, 31 என்று மாறும்.

எழுத்துக்கூட்டல் எனும் சுவர்

அலமாரியைக் கண்டுபிடித்தாலும் கணினிப் பட்டியல் ஏமாற்றும். இந்திய மொழி நூல்களைப் பல நூலகங்கள் ரோமன் எழுத்தில்தான் பதிவு செய்கின்றன. பாரதியாரை ஒரு நூலகம் 'பம்பாய்' என்பதன் முதல் ஆங்கில எழுத்தில் வைத்திருக்கும். இன்னொன்று, தமிழ் எழுத்தை அப்படியே பெயர்ப்பதாக எண்ணி, 'பாண்டிச்சேரி'யின் முதலெழுத்தில் வைத்திருக்கும். திருக்குறளில் 'தி'க்கு அடுத்து ஆங்கில 'எச்' உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒரு முறை தேடி, இல்லை என்று திரும்பியவர், அடுத்த அலமாரியில் இருக்கும் நூலைத் தவறவிட்டவராக இருக்கலாம். நல்ல வழிகாட்டி இந்த எழுத்துக்கூட்டல்களையும் பட்டியலிடும்.

இன்று இதன் அவசியம் கூடியிருக்கக் காரணம் பணம். 2024 நவம்பர் 25ல் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி. 30 பெரிய சர்வதேசப் பதிப்பாளர்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. சிறு நகரத்து அரசுக் கல்லூரி மாணவருக்கு இது முன்பு கனவிலும் கிட்டாத வசதி. ஆனால் 13,000 இதழ்களில் தனக்கு வேண்டிய பத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அவருக்கு யார் சொல்வது? பல மாநிலப் பல்கலைக் கழகங்களில் ஓய்வு பெறும் நூலகர்களின் இடங்கள் ஆண்டுக் கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. பிஎச்.டி. மாணவர்களுக்கு யு.ஜி.சி. 2019ல் கட்டாயமாக்கிய 30 மணி நேரப் பாடம் ஆய்வு நெறிமுறை பற்றியது. தரவுத்தளங்களைப் பொதுவாக அறிமுகம் செய்யும் அந்தப் பாடம், ஒவ்வொரு துறைக்கும் தனி வரைபடம் தராது.

குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் மாணவரையே இது அதிகம் பாதிக்கிறது. பேராசிரியர் வீட்டுப் பிள்ளை சாப்பாட்டு மேஜையில் கேட்டுத் தெரிந்துகொள்வதை, இவர் உதவித்தொகைக் காலத்தைச் செலவழித்துக் கற்க வேண்டியிருக்கிறது.

கேட்டால் கிடைக்கும்

வழிகாட்டி எங்கே இருக்கும்? நூலகத்தின் இணையதளத்தில் 'சப்ஜெக்ட் கைடு', 'ரிசர்ச் கைடு', 'லிப்கைட்' என்று ஏதாவது ஒரு பெயரில் ஒளிந்திருக்கும். இல்லையென்றால் பார்வை நூல் பிரிவில் கேட்கலாம். பழைய நூற்பட்டியல்கள் அங்கேதான் தூசு படிந்திருக்கும். சிகாகோ, கொலம்பியா பல்கலைக் கழக நூலகங்கள் தெற்காசிய ஆய்வுக்கென்று வழிகாட்டிகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. தரவுத்தளங்களுக்குள் நுழையத்தான் அனுமதி வேண்டும். வழிகாட்டியைப் படிக்க வேண்டியதில்லை.

எதுவுமே கிடைக்காவிட்டால் தானே ஒன்றைத் தயாரித்துக்கொள்ளலாம். காந்தி நகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் 'ஷோத்கங்கா'வில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. தன் தலைப்பை ஒட்டிய மூன்று ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல்களை அருகருகே வைத்தால், மூன்றிலும் வரும் நூல்களே தொடக்கப் புள்ளி. அதே தலைப்பில் வேறு யாராவது ஆய்வு தொடங்கியிருக்கிறாரா என்று பார்க்க, ஆய்வுத் திட்டங்களைச் சேமிக்கும் 'ஷோத்கங்கோத்ரி' இருக்கிறது. நூல் எந்தப் பல்கலைக் கழகத்தில் உள்ளது என்பதை அதே மையத்தின் 'இண்ட்கேட்' கூட்டுப் பட்டியல் காட்டும். 1988ல் தில்லியில் தொடங்கிய 'டெல்நெட்' வழியாக உறுப்பு நூலகங்கள் ஒன்றிடம் ஒன்று இரவல் பெறலாம்.

தமிழில் ஆய்வு செய்பவருக்கு முன்னோடிகளும் உண்டு. அச்சான தமிழ் நூல்களைப் பொருள் வாரியாகப் பிரித்து ஜான் மர்டாக் வெளியிட்ட பட்டியல் 1865ல் வந்தது. தனிநாயக அடிகள் தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டியைக் கோலாலம்பூரில் 1966ல் வெளியிட்டார். கணினி இல்லாத காலத்தில் இவர்கள் அட்டை அட்டையாகச் சேர்த்த உழைப்பு அது.

அந்த அளவுக்கு இன்று யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. பட்டம் பெற்று வெளியேறும் ஒவ்வொரு ஆய்வாளரும், தான் தேடித் தேடிக் கண்டுபிடித்த பாதையை இரண்டு பக்கம் எழுதி நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஆய்வேட்டின் பிரதியைக் கேட்டு வாங்கும் பல்கலைக் கழகம் இதையும் கேட்டு வாங்கலாம். பத்தே ஆண்டுகளில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு வழிகாட்டி சேர்ந்துவிடும். செலவு, காகிதச் செலவுதான்.