பாடும் பஞ்சாயத்தும்

பழவேற்காட்டு ஏரியை நம்பி வாழும் குடும்பங்களுக்குப் 'பாடு' என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பிற ஊர் வாசகர்களுக்காகச் சிறிது கூறுவோம். ஏரியில் எல்லா இடமும் ஒன்றுபோல் விளைவதில்லை. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரத்தை அடுத்த நீரில் இறால் மிகுதி. பிற இடங்களில் குறைவு. வலிமையுள்ளவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால், ஏரி என்றோ சிலருடைய சொத்தாகியிருக்கும். அதைத் தடுக்கவே கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் முன்னோர், சீட்டு எடுத்து முறைவைத்து வலை கட்டும் ஏற்பாட்டைச் செய்தனர். தலைக்கட்டுப் பட்டியலில் உள்ளவர்க்கெல்லாம் முறை வரும். இன்று நல்ல இடம் பெற்றவர் அதையே என்றும் வைத்துக்கொள்ள இயலாது.

இதில் ஓர் அரிய பாடம் உண்டு. பங்கு பிரிக்கும் பொறுப்பில் உள்ளவர் தமக்கென நல்ல பங்கை ஒதுக்கிக்கொள்ள வழியில்லை. சீட்டுக்கு உறவும் தெரியாது, பகையும் தெரியாது.

ஆயினும் குறையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். பட்டியலில் பெயரில்லாதவர்க்குப் பாட்டில் பங்கில்லை. அவர் முறையிட விரும்பினால், அவரைச் சேர்க்காத அதே ஊர்ச் சபையின் முன்தான் நிற்க வேண்டும். ஊர்க்கட்டுப்பாடு எவ்வளவு நல்லதாயினும், ஊருக்கு வெளியே நின்று நடுநிலையாய்க் கேட்கும் ஒருவர் தேவை என்பது இதனால் விளங்கும்.

ஊர்ப்பணத்துக்குக் காவல் யார்?

மீன்பாட்டுக்குச் சொன்னது ஊராட்சிக்கும் பொருந்தும். 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. குடிநீர், தெருவிளக்கு, சாலை, சுகாதாரம் ஆகியவை ஊராட்சியின் கைக்கு வந்தன. பணம் வருமிடத்தில் சோதனையும் வருமன்றோ?

குப்பத்தில் பத்துக் குழாய்கள் போட்டதாகக் கணக்கில் எழுதியிருக்க, தெருவில் ஆறே குழாய்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். குடம் சுமக்கும் தாய் யாரிடம் கேட்பாள்? தலைவர் அவளுடைய கணவனுக்குப் பங்காளியாக இருக்கலாம். வேலையை அளந்து சான்றளிப்பவர் ஒன்றியப் பொறியாளர். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் தலைவர்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு உண்டு. ஆனால் திட்டங்களை நடத்தும் நிர்வாகத்துக்கும் அவரே தலைமை. நடத்துகிறவரும் விசாரிக்கிறவரும் ஒருவராயின், விசாரணை நேர்மையாகவே நடந்தாலும் ஏழைக்கு நம்பிக்கை பிறப்பது அரிது.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. வாரியங்களுக்குக் குடவோலையால் ஆள் எடுத்த விதத்தை அவை கூறுகின்றன. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். அச்சபை நிலமுள்ள சிலருக்கே உரியதாயிருந்தது உண்மை. எனினும், கணக்குக் காட்டாதவன் மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது என்ற நெறி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டப்பட்டுவிட்டது.

முறைமன்ற நடுவர்

இந்நெறிக்கு இக்காலத்தில் உருக்கொடுப்பவரே உள்ளாட்சி முறைமன்ற நடுவர். இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இல் இத்தகைய அமைப்பைப் பரிந்துரைத்தது. 2010 முதல் 2015 வரைக்குரிய பதின்மூன்றாவது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கான செயல்திறன் மானியம் பெற இதனை ஒரு நிபந்தனையாகவே வைத்தது. தமிழ்நாட்டில் 2014இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. ஊராட்சித் தலைவர், உறுப்பினர், பணியாளர் ஆகியோரின் ஊழல், முறைகேடு பற்றிப் பொதுமக்கள் நடுவரிடம் முறையிடலாம்.

ஆனால், பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் நடுவர் பிறந்துவிடுவதில்லை. நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அவரை நியமிப்பவர் யார்? அவரை நீக்கவல்லவர் யார்? அவருடைய அலுவலகத்துக்குப் பணமும் ஆளும் தருபவர் யார்? அவர் கண்டறிந்ததை நிறைவேற்றுவோர் யார்? இந்நான்குக்கும் 'விசாரிக்கப்படும் துறையே' என்பது விடையாயின், அந்த நடுவர் கரையில் கட்டிய படகேயாவார், அசைவார், நகரமாட்டார்.

அண்டை மாநிலமான கேரளம் 1999இல் சட்டத் திருத்தம் செய்து, 2000இல் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் எழுவர் கொண்ட அமைப்பை ஏற்படுத்தியது. அடுத்த ஆண்டே அது ஒருவர் அமைப்பாக மாற்றப்பட்டது. உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவரே அப்பொறுப்புக்கு உரியவர். சட்டமன்றத்தின் தீர்மானமின்றி அவரை நீக்க இயலாது. இன்றைய அமைச்சருக்கு மனத்தாங்கல் ஏற்பட்டால் நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது என்பதே இதன் பொருள். தமிழ்நாட்டில் நடுவரை அரசே நியமிக்கிறது. ஆகவே, பதவிப் பாதுகாப்பும் தனி விசாரணை ஆட்களும் அவருக்கு வேண்டும் என்று நாம் கேட்பது முறையே.

நம் பங்கு

நடுவர் எவ்வளவு சுதந்திரமானவராயினும், மனு வராத இடத்தில் அவரால் செய்யக்கூடியது சிறிதே. நம் குப்பங்களில் மனு எழுதுவோரைக் 'காட்டிக்கொடுப்பவர்' என்று பேசும் வழக்கம் ஒழிய வேண்டும். ஊர்ப்பணத்தின் கணக்கைக் கேட்பது பகைமையன்று, கடமை. சாமுவேல் இறைவாக்கினர் முதுமையில் மக்கள்முன் நின்று, 'நான் யாருடைய பொருளையேனும் எடுத்ததுண்டா?' என்று தாமே கேட்டதை நாம் அறிவோம். தலைவர் தாமாகக் கேளாவிடில், மக்கள் கேட்கட்டும்.

2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபைக்கென வகுக்கப்பட்டுள்ளன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடலுக்குப் போகும் ஆண்கள் வர இயலாவிடில் பெண்கள் வரட்டும். வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். ஐயமிருப்பின் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நகல் பெறட்டும். நாளும் தொகையும் குறித்து, கேள்விப்பட்டதை விலக்கி, கண்டதை மட்டும் எழுதி நடுவருக்கு அனுப்பட்டும். பொய்க் குற்றச்சாட்டு ஒருவரின் பெயரைக் கெடுப்பதோடு மெய்யான மனுவையும் பலவீனப்படுத்தும்.

ஏரியில் வலை கட்டச் சீட்டைப் பலர் காண எடுக்கிறோம். ஊராட்சிப் பணத்தையும் பலர் காண எண்ணுவோம். குடம் சுமக்கும் அந்தத் தாய்க்கு மீதி நான்கு குழாய்களும் வந்து சேரட்டும்.