கப்பல் கிளம்புவதற்குள் ஒரு கீரிமலைக் குளியல்

தாம்பரத்தில் ரயில் ஏறினால் கடைசி ஸ்டேஷன் கடற்கரை. இறங்கி ராஜாஜி சாலையைத் தாண்டினால் துறைமுகம். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் இந்தத் தடத்தில் ஆயுள் முழுக்க ஆபீஸ் போய்வந்த குரோம்பேட்டை, பல்லாவரம்காரர்கள் பலருக்கும் துறைமுக மதிலுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரியாது. கொஞ்ச காலமாகத்தான் பெட்டியும் கையுமாக உள்ளே போகத் தொடங்கியிருக்கிறார்கள். 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ சென்னையிலிருந்து சொகுசுப் பயணத்தை ஆரம்பித்தது. 2023 ஜூன் 5 அன்று அதே கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். அதன் பிறகு ரிட்டயர் ஆனவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் காசி, ராமேசுவரத்தோடு கப்பலும் சேர்ந்துகொண்டது.

இந்தக் கப்பல் சென்னைப் பக்கம் வருவதற்குக் காரணம் மழை. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போது மும்பையிலிருந்து உல்லாசப் பயணம் நடத்த முடியாது. அதே மாதங்களில் இலங்கையின் வடக்கும் கிழக்கும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஆக, அங்கே ஓய்வு, இங்கே சீசன். கப்பலும் புதிதல்ல. பிரான்ஸில் கட்டி, 1990இல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. நாற்பத்தெட்டாயிரம் டன்னுக்கு மேல், 211 மீட்டர் நீளம். உள்ளே நீச்சல் குளம், கேசினோ, ஜைனச் சாப்பாடு வரை எல்லாம் உண்டு. அதையெல்லாம் விளம்பரங்களிலேயே பார்த்துக்கொள்ளலாம். கப்பல் கரையில் நிற்கிற அந்தச் சில மணி நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் நம் பேச்சு.

வழக்கமாகக் காலையில் வந்து மாலையில் கிளம்பும். இறங்காமல் கப்பலிலேயே தூங்கலாம். கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்கிற பஸ்ஸில் தனிக் கட்டணம் கட்டிச் சுற்றலாம். அல்லது துறைமுக வாசலைத் தாண்டி நம் பாட்டுக்குப் போகலாம். முதல் தடவை போகிறவர்கள் பயத்தில் பஸ்ஸைத்தான் எடுக்கிறார்கள். முன்பின் தெரியாத, மொழி புரியாத ஊரென்றால் அந்தப் பயம் சரி. ஆனால் சேலையூர்க்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் ஏசி பஸ்ஸில் உட்கார்ந்து, நல்லூர் முருகனைப் பற்றி ஒரு கைடு இங்கிலீஷில் சொல்லக் கேட்டுவிட்டு வருவதற்கு எதற்குக் கடல் தாண்ட வேண்டும்? கரீபியனில் இறங்கும் அமெரிக்கருக்குக் கிடைக்காத ஒரு வசதி இங்கே நமக்கு இருக்கிறது. வாசலில் நிற்கிற முதல் ஆட்டோக்காரரிடமே வழி கேட்கலாம், விலை பேசலாம், வம்பும் பேசலாம்.

காங்கேசன்துறையையே எடுத்துக்கொள்வோம். இறங்கியவுடன் எல்லோரும் கேட்பது யாழ்ப்பாணம் டவுனுக்கு எப்படிப் போவது என்றுதான். கே.கே.எஸ். (காங்கேசன்துறை) ரோடு என்று ஒரே நேர் சாலை. மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கொக்குவில் தாண்டினால் டவுன். இருபது கிலோமீட்டருக்குள்தான். 1990இல் போரால் நின்றுபோன ரயில், தண்டவாளத்தை இந்தியாவின் இர்கான் நிறுவனம் திரும்பப் போட்டுக் கொடுத்த பிறகு, 2015 ஜனவரியிலிருந்து காங்கேசன்துறை வரை மறுபடி ஓடுகிறது. ஆனால் நம் தாம்பரம் லைன் மாதிரி ஒன்று போனால் இன்னொன்று என்று வராது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

தூரம் குறைவு என்பதால் கோட்டை, நூலகம், நல்லூர், மத்தியானச் சாப்பாடு, ரியோ ஐஸ்கிரீம், நேரம் இருந்தால் கசூரினா பீச் என்று பட்டியல் நீளும். இங்கேதான் சறுக்கல். கப்பலிலிருந்து இறங்கும் வரிசை, குடிவரவுச் சோதனை, திரும்பும்போது மறுபடி ஸ்கேனிங் எல்லாம் போக, கையில் மிஞ்சுவது பாதி நாள்கூட இல்லை. நல்லூரில் நடை சாத்தும் நேரம் வேறு இருக்கிறது. ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். ஆவணி வாக்கில் இருபத்தைந்து நாள் திருவிழா நடக்கும்போது கோயிலைச் சுற்றி வாகனமே விடமாட்டார்கள். ஆறு இடம் பார்க்கப் போய் எதையும் பார்க்காமல் ரோட்டை மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள்.

அனுபவமுள்ள ஓட்டோக்காரர் இதை உங்களுக்கு முன்பே கணக்குப் போட்டுவிடுவார். “கப்பல்ல வந்தனீங்களோ? எத்தினை மணிக்கு வெளிக்கிடுது?” என்று கேட்டுவிட்டு, “அப்ப முதல்ல கீரிமலைக்குப் போவம், அண்ணை” என்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கீரிமலை துறைமுகத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஆறு கிடையாது. பூமிக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழையை அது உறிஞ்சிக் கீழே சேர்த்துவைக்கும். அந்த நல்ல தண்ணீர் கடலோரத்தில் ஊற்றாகக் கிளம்பும் இடத்தில் கேணி கட்டியிருக்கிறார்கள். ஆண்களுக்குத் திறந்த கேணி, பெண்களுக்குச் சுற்றுச்சுவர் வைத்த தனிக் கேணி. ஒரு மதில்தான் தடுப்பு. மதிலுக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கும், இந்தப் பக்கம் படிக்கட்டில் பச்சை ஓடிய குளிர்ந்த நல்ல தண்ணீர். பையன்கள் மதில்மேல் ஏறி நின்று தொப்பென்று குதிப்பார்கள். துண்டு எடுத்துப் போகாமல் கரையில் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆடி அமாவாசை கப்பல் சீசனுக்குள்தான் வரும். அன்று பிதிர்க்கடன் செய்ய ஊரே திரண்டிருக்கும், கேணியில் கால் வைக்க இடம் இருக்காது.

பக்கத்தில் நகுலேஸ்வரம், ஈழத்துப் பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று. திரும்பும் வழியில் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில். குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி கீரிமலையில் நீராடி முகம் திருந்தி, நன்றிக்குக் கட்டிய கோயில் என்பது ஊர்க் கதை. இந்த இரண்டும் கேணியும் சேர்ந்தால் ஒரு காலைப் பொழுதுக்குத் தாராளம். வழியில் கூரை இல்லாத வீடுகளைப் பார்ப்பீர்கள். இந்தப் பகுதி நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. 1990இல் ஊரை விட்டு எழுப்பப்பட்டவர்களுக்கு நிலம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பக் கிடைத்து வருகிறது. காங்கேசன்துறையில் கடற்படையின் வடக்குத் தலைமையகமும் இருக்கிறது. கண்ட இடத்திலெல்லாம் கேமராவைத் தூக்காதீர்கள். போரைப் பற்றி நீங்களாகத் தோண்டவும் வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், சொல்வார்கள்.

திருகோணமலை இன்னும் சுலபம். பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்து நடந்தால் புள்ளிமான்கள் ஆடு மாடு மாதிரி குறுக்கே போகும். மேலே சுவாமி மலையில் திருக்கோணேஸ்வரம். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம். 1620களில் போர்த்துக்கீசியர் பழைய கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசல் நிலையில் பாண்டியரின் இரட்டை மீன் இன்றும் தெரியும். உள்ளே போகிற அவசரத்தில் பாதிப் பேர் அதைப் பார்ப்பதில்லை. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் நண்பர் மைக் வில்சனும் மலையடிவாரக் கடலுக்குள் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். வில்சன் எடுத்துவந்த லிங்கமும் இங்கே வழிபாட்டில் இருக்கிறது. மத்தியானம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகலாம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடு, வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். புறாத் தீவுக்குப் படகில் போகும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். கடலில் எப்போது தாமதமாகும் என்று படகுக்காரருக்கே தெரியாது.

அம்பாந்தோட்டையில் நிலைமை வேறு. நம்மவர்கள் அங்கே இறங்கினால் மனசு கதிர்காமத்துக்குத்தான் போகும். அது நாற்பது கிலோமீட்டர் அளவு தள்ளி இருக்கிறது. தெற்கே தமிழ் அதிகம் எடுபடாது. சாலை நல்ல சாலைதான். நாலைந்து பேர் சேர்ந்து டிரைவரோடு வேன் பிடித்தால் போய்வரலாம். காலைப் பூசை பத்தரை வாக்கில், மாலைப் பூசை ஆறரைக்கு. முதலாவதை விட்டால் அடுத்ததற்கு நீங்கள் இருக்க முடியாது. தனி ஆளாக இருந்தால் இந்த ஒரு துறைமுகத்தில் நிறுவனத்தின் பஸ்ஸிலேயே போய்விடுங்கள்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்றால், கப்பல் காத்திருக்காது. நிறுவனத்தின் பஸ் டிராஃபிக்கில் மாட்டினால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். சொந்தமாகப் போனவருக்கு அந்தச் சலுகை இல்லை. கிளம்பும் நேரத்துக்கு அரை மணி, ஒரு மணி முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். துறைமுகத்தில் ஆழம் போதாமல் கப்பல் வெளியே நங்கூரமிட்டுச் சிறு படகில் கொண்டுவந்து விட்டால், கடைசிப் படகு எப்போது என்பதுதான் உங்கள் நேரம். காங்கேசன்துறையில் தவறவிட்டவருக்கு ஒரு விநோதமான ஆறுதல் உண்டு. பக்கத்திலேயே பலாலி விமான நிலையம். 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கிய சென்னை விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரம் போல, மீனம்பாக்கம். திரிசூலத்தில் ரயில் பிடித்துத் தாம்பரம் வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகும் கப்பல் கடலில் இருக்கும். ஆனால் டிக்கெட் செலவும், குடிவரவில் கேட்கும் கேள்விகளும், கப்பலில் தனியாகப் போகும் பெட்டியும் உங்கள் பாடு.

பணத்துக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் இலங்கையில் யுபிஐ வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு இறங்காதீர்கள். ஓட்டோவுக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் இலங்கை ரூபாய் நோட்டுதான் நிம்மதி. மணிக்கூட்டில் முள்ளைத் திருப்ப வேண்டாம், அங்கேயும் நம் நேரம்தான். கப்பல் ஏஜெண்டின் போன் நம்பரைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். ஓட்டோவுக்குப் போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி, திரும்பி வந்து இறங்கிய பிறகு கொடுங்கள். மத்தியானம் கப்பலில் பஃபே காசு கட்டியாகிவிட்டதே என்று சாப்பிட ஓடி வருகிறவர்கள் நம்மில் அதிகம். ஒரு வேளை போனால் போகட்டும், ஊர்ச் சாப்பாடு சாப்பிடுங்கள்.

லட்சத்தீவுக் கப்பல்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே பர்மிட்டும் ஏற்பாடு செய்த பயணமும்தான், தனியாகச் சுற்றும் பேச்சே கிடையாது. இலங்கைக் கப்பல் ஆண்டு முழுக்க ஓடுவதில்லை, துறைமுகங்களும் பயணத்துக்குப் பயணம் மாறும். டிக்கெட் எடுக்கும்போது கேபினில் ஜன்னல் உண்டா என்று கேட்பதற்கு முன், எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிக்கு இறக்கி எத்தனை மணிக்கு ஏற்றுவார்கள், விசாவுக்கு என்ன வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் ஆறு மணி நேரத்துக்குக் கீழே என்றால் கீரிமலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.