உலாவி நீட்சிகளும் பழைய தமிழ்ப் பக்கங்களும்

ஸ்ரீபெரும்புதூரில் செய்யப்படும் கணிப்பொறி இன்று பெட்டியினின்று எடுத்தவுடன் தமிழ் காட்டும். 25 ஆண்டுகட்கு முன் அவ்வாறன்று. உரோமன் எழுத்துகட்குரிய இடங்களில் தமிழ் வரிவடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களே அன்று வழங்கின. அவை இதழுக்கு இதழ் வேறுபட்டன. உரிய எழுத்துரு இல்லையேல் பக்கம் பொருளற்ற குறிக் குவியலாகவே தோன்றும். 1999இல் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் தரங்களை ஏற்றது. அயல்நாட்டுத் தமிழர் பலர் திஸ்கியைக் கைக்கொண்டனர். ஒருமை கைகூடவில்லை.

இந்நிலையில் பயர்பாக்ஸ் உலாவிக்கென எழுந்த 'பத்மா' என்னும் நீட்சி பெருந்துணை புரிந்தது. பழைய குறிகளை அது படிப்போர் கணிப்பொறியிலேயே ஒருங்குறியாக மாற்றிக் காட்டும். மூலமோ இருந்தவாறே இருக்கும். ஏட்டைப் பெயர்த்தெழுதாமல் படிப்பவர்க்குக் கண்ணாடி அளித்தது போன்றது இஃது என்பது எம் கருத்து.

அக்கால நீட்சிகள் உலாவியின் உட்பகுதிகளை நேரே தொட்டு இயங்கின. ஆற்றல் மிகுதிதான்; எனினும் உட்பகுதி மாறுந்தோறும் அவை பழுதுற்றன. 2017 நவம்பர் 14இல் வெளிவந்த பயர்பாக்ஸ் 57ஆம் பதிப்பு அவ்வழியையே அடைத்துவிட்டது. புதிய முறையில் திருத்தி எழுதப்படாத நீட்சி எதுவும் அப்பதிப்பில் இயங்கவில்லை. (2019 மே மாதத்தில் சான்றிதழ் ஒன்று காலாவதியானமையால் புதியனவும் செயலிழந்தன, அது சில நாள்களில் சீராயிற்று.)

கண்ணாடி உடைந்தபின் ஏடு மட்டும் எஞ்சிற்று. பழைய இணைய இதழ்களைச் சான்று காட்டும் ஆய்வாளர், மூலத்தோடு ஒருங்குறிப் படியொன்றும் எடுத்து வைத்தல் வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது. அவற்றைப் படிக்க நீட்சி எதுவும் வேண்டுவதில்லை.