பல்லக்கு இல்லாத துரை

கொங்கில் நடந்தவர்கள் – 7

1841இல் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்கு வருகிறார் என்றால், ஆள் வருமுன் சத்தம் வந்துவிடும். பல்லக்குத் தூக்கிகள் அடி பிசகாமல் இருக்கப் பாடிக்கொண்டே ஓடிவருவார்கள். இருட்டிவிட்டால் முன்னால் தீவட்டி போகும். பின்னால் சமையற்காரர், பெட்டி சுமப்பவர், குதிரைக்காரர் என்று ஒரு பட்டாளமே வரும். துரை என்றால் இப்படித்தான் என்று நம் ஊர்க்காரர்கள் பார்த்துப் பழகியிருந்தார்கள்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் திருச்சியிலிருந்து மேற்கே கோவைச் சீமைக்குள் நடந்து வந்த 27 வயது இளைஞருக்குப் பல்லக்கும் இல்லை, குதிரையும் இல்லை. அயர்லாந்தில் பிறந்து, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் படித்தவர். பெயர் இராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று இன்று பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த நூல் வெளிவந்ததோ 1856இல். கொங்கு மண்ணில் நடந்தபோது அவர் யாருக்கும் தெரியாத ஓர் இளம் மிஷனரி.

அவருக்குப் பயணத்தில் இடைஞ்சல் புதிதல்ல. 1837இல் இங்கிலாந்திலிருந்து அவர் ஏறிவந்த ‘மேரி ஆன்’ கப்பல் வழியிலேயே ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு மோதியது. பிரெஞ்சுக் கப்பலின் மாலுமிகள் பலர் கடலில் மாண்டார்கள். அடிபட்ட ‘மேரி ஆன்’ திரும்பிப் போய்ப் பழுது பார்த்துக்கொண்டு மறுபடி கிளம்பி, 1838 ஜனவரியில் சென்னை வந்து சேர்ந்தது. நீண்டுபோன அந்தக் கடல் வழியில் அவருக்குக் கிடைத்த துணை, தெலுங்குக்கு அகராதி செய்த சி.பி. பிரவுன். அவரோடு பேசிப் பேசியே இந்திய மொழிகளின் வாசல் கால்டுவெல்லுக்குத் திறந்தது. பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் தமிழ் படித்தார். தெற்கே திருநெல்வேலிச் சீமையில் பணி என்று முடிவானதும் நடந்தே போகிறேன் என்று கிளம்பிவிட்டார். மக்களோடு பழக வேண்டும், அவர்கள் பேசுகிற தமிழைக் காதால் கேட்க வேண்டும் என்பதுதான் காரணம்.

திருச்சியிலிருந்து நேரே தெற்கே போயிருக்கலாம். ஆனால் சென்னைப் பேராயர் ஸ்பென்சர் அப்போது ஊட்டியில் இருந்தார். லண்டன் மிஷனை விட்டு ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்திருந்த கால்டுவெல் அவர் கையால் குருப்பட்டம் பெற வேண்டும். அதற்காகத்தான் கொங்கு வழியாக இந்தச் சுற்று. அவரை இந்தத் தொடருக்குள் கொண்டுவந்ததும் அதுதான்.

அந்தப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்று பல்லடம், சூலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே நடப்பவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். இருபுறமும் சோளமும் கம்பும் பருத்தியும். கிணற்று மேட்டில் கவலை இறைக்கிற எருதுகள் பின்னும் முன்னுமாக நடக்கும். தோல்பறி வாய்க்காலில் கவிழும்போது தண்ணீர் ‘தளார்’ என்று விழும். ஆற்றில் தண்ணீர் ஓடினால் பரிசல்தான். மூங்கில் பின்னி, மேலே தோல் போர்த்த வட்டக்கூடை அது. பரிசல்காரர் துடுப்பை ஒரு பக்கம் அழுத்தினால் ஒரு சுற்றுச் சுற்றி, ஏறிய இடத்துக்கு வெகு கீழே கொண்டுபோய்க் கரை சேர்க்கும். “ஏனுங்க, எந்தூருங்க நீங்க?” என்று கேட்காமல் எந்தக் கொங்குப் பரிசல்காரரும் துடுப்பைக் கையில் எடுத்திருக்க மாட்டார்.

ராத்தங்கலில்தான் அவருக்குச் சோதனை. அரசாங்க பங்களாக்கள் வெள்ளைக்காரப் பயணிகளுக்காகவே கட்டப்பட்டவை. ஆனால் நடந்து, தூசியும் சேறுமாக, தனியாக வந்து நிற்கிறவரை எந்தக் காவல்காரர் துரை என்று நம்புவார்? இந்தப் பயணத்தில் சில இடங்களில் அவருக்குக் கதவு திறக்கவில்லை. காவல்காரரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தகுதியை ஆளில் பார்க்காமல் பரிவாரத்தில் பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்ததே துரைமார்கள்தானே.

பங்களா மூடினால் சத்திரம், அதுவும் இல்லையென்றால் திண்ணை. வண்டிக்காரர்களும் யாவாரிகளும் படுக்கிற இடத்தில் படுத்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும். பல்லக்கில் போனவர்கள் எத்தனையோ பேர் இதே வழியாக ஊட்டிக்குப் போனார்கள். அவர்கள் காதில் விழுந்த தமிழ், பல்லக்குத் தூக்கிகளின் பாட்டு மட்டும்தான். கதவைச் சாத்திய காவல்காரர் கால்டுவெல்லுக்கு நன்மையே செய்தார் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கோவைப் பக்கமிருந்து மலையேற அன்றைக்கு முக்கியமாக இரண்டு பாதைகள் இருந்தன. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு, கலெக்டர் சலிவன் காலத்தில் 1820களின் தொடக்கத்தில் வெட்டியது ஒன்று. கல்லாறு வழியாகக் குன்னூருக்கு 1830களின் தொடக்கத்தில் போட்டது மற்றொன்று. இரண்டுமே செங்குத்தானவை. அடிவாரத்தில் இராத் தங்காதே, பொழுதோடு கடந்துவிடு என்று எல்லாரும் எச்சரிப்பார்கள். காட்டுக் காற்றால் காய்ச்சல் வருகிறது என்று அப்போது நம்பினார்கள். கொசு என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்த ரொனால்டு ராஸையே, 1897இல் இதே நீலகிரியின் சீகூர்ப் பக்கம் ஆராயப் போனபோது மலேரியா பிடித்துக்கொண்டது என்றால், அதற்கு 56 ஆண்டுகளுக்கு முன் நடந்து போனவர்களின் நிலையை எண்ணிப்பாருங்கள்.

இந்தப் பக்கம் வந்த எல்லா இளைஞர்களும் பிழைக்கவில்லை. 1827இல் சேலத்தில் லண்டன் மிஷனைத் தொடங்கிய ஹென்றி கிறிஸ்ப் நான்கே ஆண்டில் இறந்துபோனார். மதம் பரப்ப வந்தவர்கள்தான். அதைப் பற்றி அவரவருக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் உண்டு. ஆனாலும் இருபதுகளில் வீட்டை விட்டுக் கிளம்பி, பெயர் தெரியாத காய்ச்சலில் மண்ணுக்குள் போன பிள்ளைகளை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1841 செப்டம்பரில் ஊட்டியில் கால்டுவெல்லுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. சில வாரம் மலையில் இருந்துவிட்டு இறங்கி, மதுரை வழியாக நடந்து, ஆண்டு முடிவதற்குள் இடையன்குடி போய்ச் சேர்ந்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் திருநெல்வேலிச் சீமையில்தான் பணி. நடந்து பழகியதால் எல்லாம் சரியாகப் புரிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் அந்தச் சமூகத்தாரைப் புண்படுத்தியது. அவர்களுடைய எதிர்ப்பு நியாயமானது. அவர்தான் அந்த நூலைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

கொங்கைக் கடந்து போனவர் அவர். கொங்கிலேயே தங்கிவிட்டவர் ஒருவர் உண்டு. 1830இல் கோவைக்கு வந்து லண்டன் மிஷன் பணியைத் தொடங்கி, முப்பது ஆண்டுகள் இங்கேயே இருந்த டபிள்யூ.பி. ஆடிஸ். அவர் வந்தபோது கோவை எப்படி இருந்தது, அவருடைய பள்ளிக்கூடங்களில் யார் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)