ஓரியல் நீளம் என்றால் என்ன?

நெய்யாற்றங்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்களில் நம் பிள்ளைகள் பலர் இயற்பியலை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் படிக்கிறார்கள். 'கோஹிரன்ஸ்' என்ற சொல் வந்தால் வீட்டில் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. தமிழ்ப் பாடநூல்கள் இதை 'ஓரியல்' என்கின்றன. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் தண்டவாளத்தைக் கொண்டே விளக்குகிறேன்.

அருகருகே இரண்டு பாதைகள். ஒன்றில் ஸ்லீப்பர் கட்டைகளின் இடைவெளி 60 செ.மீ.; மற்றதில் 61 செ.மீ. முதல் கட்டைகள் நேருக்கு நேர் உள்ளன. சுமார் 18 மீட்டர் சென்றால் ஒன்றின் கட்டைக்கு எதிரே மற்றதன் இடைவெளி வந்துவிடும். வித்தியாசம் 1 மி.மீ. மட்டுமே என்றால் அந்த நிலை வர ஏறத்தாழ 180 மீட்டர் ஆகும்.

ஒளியும் அப்படியே. எந்த விளக்கின் ஒளியிலும் சற்றே வேறுபட்ட அலைநீளங்கள் கலந்திருக்கும். அவை ஒன்றோடொன்று பொருந்திச் செல்லும் தூரமே ஓரியல் நீளம். வெள்ளை ஒளிக்கு இது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண ஹீலியம்-நியான் லேசருக்குப் பல சென்டிமீட்டர். சிறப்பு லேசர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு. ஈர்ப்பலைகளை அளக்கும் லைகோ கருவியின் 4 கி.மீ. கைகளில் ஓடுவது இத்தகைய ஒளியே. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அத்தகைய ஒன்றை அமைக்க 2023இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது.

அண்டவியலிலும் இதற்கு உறவான அளவு ஒன்றுண்டு. ஆதிப் பிரபஞ்சத்தில் பரவிய ஒலி அலைகளின் தடத்தால், சுமார் 50 கோடி ஒளியாண்டு இடைவெளியில் விண்மீன் மண்டலங்கள் சற்று அதிகமாகவே இணையாக அமைந்துள்ளன. 2005இல் இது கண்டறியப்பட்டது.

ஒளியின் ஓரியல்பைக் குவாண்டம் முறையில் விளக்கியவர்களுள் முதன்மையானவர் கோட்டயம் மாவட்டத்துப் பள்ளத்தில் 1931இல் பிறந்த இ. சி. ஜி. சுதர்சன். சென்னை கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். 1980களில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 1963இல் அவர் தந்த சூத்திரம் இன்றும் கிளாபர்-சுதர்சன் என்ற இரு பெயரால் வழங்குகிறது. ஆனால் 2005இல் நோபல் பரிசு கிளாபருக்குக் கிடைத்தது, சுதர்சனுக்குக் கிடைக்கவில்லை. அவர் அதை எழுத்து மூலம் ஆட்சேபித்தார். 2018இல் காலமானார்.

பெற்றோர்களே, பிள்ளைகள் எம்மொழியில் படித்தாலும், படித்ததை வீட்டில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தாய்மொழியில் விளக்க முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.