பனிக்கடல் துறைமுகத்தில் ருஷ்ய உணவு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

அலாஸ்கா இன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒரு மாநிலம். ஒரு காலத்தில் அது ருஷ்யப் பேரரசின் உடைமையாக இருந்து, 1867-ஆம் ஆண்டு 72 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது என்பதை வரலாற்று மாணவர்கள் அறிவர். அங்குள்ள சிட்கா என்னும் சிறிய துறைமுக நகரமே அன்று ருஷ்ய அமெரிக்காவின் தலைநகர். அப்போது அதன் பெயர் நோவோ அர்காங்கெல்ஸ்க்.

இப்பொழுது அவ்வூரில் வாழ்வோர் எட்டாயிரத்துச் சொச்சம் பேர்தாம். கோடையில் உல்லாசப் பயணக் கப்பல்கள் வந்து நிற்கும் சில நாட்களில் ஏறக்குறைய அதே அளவு பயணிகள் கரையிறங்கி விடுகிறார்கள். 1966-இல் தீக்கிரையாகிப் பத்தாண்டுகளில் மீண்டும் கட்டப்பெற்ற தூய மைக்கேல் தேவாலயத்தைக் காண்கிறார்கள். பொம்மைக்குள் பொம்மை அடங்கிய ருஷ்ய மரப்பொம்மைகளை வாங்குகிறார்கள். இவ்வளவும் பார்த்தபின் பசி எடுக்குமல்லவா? ஆனால் அந்த ஊர்களின் உணவு விடுதிகளில் சிறப்பாகப் பரிமாறப்படுபவை சால்மன், ஹாலிபட் மீன்களும் நண்டும்தாம். அந்தக் கோயிலைக் கட்டியவர்களின் சமையல் எங்கே போயிற்று என்று தேடினால், அந்தத் தேடல் நம்மை வேறிடத்திற்கு அழைத்துச் செல்கிறது.

முதலில் ருஷ்யனின் உணவு எது என்று பார்ப்போம். கறுப்பு ரொட்டி, முட்டைக்கோஸ் சூப், கஞ்சி, தேநீர். ருஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்தோர்க்கு இவை பழகிய பெயர்கள். கறுப்பு ரொட்டி ரை என்ற தானியத்தில் செய்யப்படுவது. கோதுமை வாடிப்போகும் குளிரிலும் மணற்பாங்கான நிலத்திலும் ரை விளையும். ஆனால் அதன் மாவில் ஒரு தொல்லை உண்டு. அதிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி வேகும்போதே மாவுப்பொருளைச் சிதைத்து, ரொட்டியைப் பசைபோல் ஆக்கிவிடும். மாவைப் புளிக்க வைத்தால் லாக்டிக் அமிலம் தோன்றி அந்த நொதியின் வேகத்தைத் தணிக்கிறது. ஆகவே கறுப்பு ரொட்டியின் புளிப்பு வெறும் நாவின் சுவைக்காக ஏற்பட்டதன்று. அது இல்லாவிட்டால் ரொட்டியே சரியாக வராது. முட்டைக்கோஸை உப்பிட்டுப் புளிக்க வைத்து ஆறு மாதப் பனிக்காலத்தைக் கடத்துவதும் இதே வகை நுண்ணுயிர்களின் துணையால்தான். அதிலுள்ள வைட்டமின் சி ஸ்கர்வி நோயைத் தடுத்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் காலடி வைத்த முதல் ஆள் நான். என் தாயார் முதல்நாள் இரவே கரைத்துப் புளிக்க வைக்கும் கம்பங்கூழைப் பற்றி விடுதியில் பேசினால் நண்பர்கள் சிலர் சிரிப்பார்கள். அந்தக் கூழிலும் வேலை செய்வது லாக்டிக் அமில பாக்டீரியாவே என்று ஆய்வுக்கூடத்தில் படித்த பிறகு, நான் அந்தச் சிரிப்பைப் பொருட்படுத்துவதில்லை.

அலாஸ்காவில் ருஷ்யர்களுக்கு அந்தக் கறுப்பு ரொட்டியும் வாய்க்கவில்லை. மழையும் குளிரும் மிகுந்த அக்கரையில் தானியம் விளையாது. சைபீரியாவைக் கடந்து, கடலையும் கடந்து மாவு வந்து சேர்வதற்குள் பட்டினி முந்திக்கொள்ளும். 1806-இல் ரெசானோவ் என்னும் அதிகாரி, ஸ்கர்வியால் நலிந்த மாலுமிகளுடன் ஸ்பானியர் வசமிருந்த சான் பிரான்சிஸ்கோவுக்குக் கப்பலோட்டிச் சென்று தானியம் பெற்று வந்தார். 1812-இல் கலிபோர்னியாக் கரையில் ராஸ் கோட்டையை அமைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம் அலாஸ்காவுக்குக் கோதுமை பயிரிடுவதே. கடல்மூடுபனியில் விளைச்சல் போதவில்லை. 1841-இல் அதை விற்றுவிட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் வியப்பூட்டியது உருளைக்கிழங்கின் கதை. 1802-இல் ருஷ்யக் கோட்டையை அழித்து, 1804-இல் மீண்டும் போரிட்ட டிலிங்கிட் மக்கள், பிற்பாடு தாங்கள் பயிரிட்ட உருளைக்கிழங்கை அதே ருஷ்யர்களுக்கு விற்றார்கள். அவர்களுடைய கிழங்கு வகை இன்றும் பயிராகிறது. மரபணுவை ஆராய்ந்ததில் அது மெக்சிகோ, சிலி நாட்டு வகைகளுக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தது. துப்பாக்கியும் பீரங்கியும் கொண்டு வந்தவர்கள் வயிற்றுக்கு மண்ணின் மக்களை நம்பி நின்றார்கள்.

அப்படியானால் ருஷ்ய உணவு எங்கே பிழைத்திருக்கிறது? கோடியாக் தீவில், அலுட்டீக் மக்களின் அடுப்படியில். 1784-இல் ருஷ்யர் அங்கே காலூன்றியபோது பெருங்கொலை நடந்தது. எஞ்சிய ஆடவரைக் கடல் நீர்நாய் வேட்டைக்கு வலுக்கட்டாயமாக ஓட்டிச் சென்றார்கள். அந்த விலங்கின் ரோமத்தோலைச் சீனரிடம் கொடுத்து ருஷ்யர் தேயிலை வாங்கினர். அவ்வாறு துன்புற்றவர்களின் வழித்தோன்றல்களே இன்று 'பெரோக்' சமைக்கிறார்கள். மாவைப் பரப்பி, அதன்மேல் சோறு, சால்மன் மீன், முட்டைக்கோஸ், வேகவைத்த முட்டை என அடுக்கி, மற்றொரு மாவுத் தகட்டால் மூடிச் சுடும் பெரிய பணியாரம் அது. ருஷ்யரின் 'பிரோக்'தான் பெயரும் உருவும் சற்று மாறி நிற்கிறது. மீனோ அம்மக்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பிடித்துவரும் மீன். ஈஸ்டர் பண்டிகைக்குக் 'குலிச்' என்னும் இனிப்பு ரொட்டியும் சுடுகிறார்கள். இதை ருஷ்ய உணவு என்பதா, அலுட்டீக் உணவு என்பதா? இருநூறு ஆண்டுகளாகச் சமைக்கிறவர்களுக்கே அது சொந்தம் என்பது என் கருத்து. வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் மறுப்பார்களானால் கேட்கக் காத்திருக்கிறேன்.

சொற்களும் அப்படியே தங்கியுள்ளன. மேற்கு அலாஸ்காவின் யூபிக் மொழியில் ரொட்டிக்குக் 'கெலிபக்', தேநீருக்குச் 'சாயுக்', கரண்டிக்கு 'லூஸ்காக்'. ருஷ்ய மொழியின் 'க்லேப்', 'சாய்', 'லோஷ்கா' என்பவையே இவை. போர்த்துக்கீசியர் போனபின்னும் நம்மிடம் மேசையும் சாவியும் ஜன்னலும் தங்கிவிட்டதைப் போலத்தான். ருஷ்ய அமெரிக்காவில் ருஷ்யர் எந்தக் காலத்திலும் ஆயிரம் பேரைத் தாண்டியதில்லை என்பதை எண்ணும்போது இது சாமானியமன்று.

கப்பல் பயணிக்குத் தீவு வீட்டின் அடுப்படி எட்டாது. அவர் மாநிலத் தலைநகரான ஜூனோவில் இறங்கினால், துறைமுகத்தருகே 'பெல்மெனி' விற்கும் சிறு கடையைக் காணலாம். பெல்மெனி என்பது மாவுக்குள் கொத்திறைச்சி வைத்து வேகவைக்கும் சிறு கொழுக்கட்டை. சைபீரியர்கள் குளிர்காலத்தில் அதை வெளியே உறையவிட்டு மூட்டையில் கட்டி எடுத்துச் செல்வார்களாம். இந்தக் கடை ருஷ்யப் பேரரசு விட்டுச்சென்றதன்று, மிகப் பிற்காலத்தது. அங்கே இறைச்சி வேண்டாதவர்க்கு உருளைக்கிழங்கு வைத்த பெல்மெனியும் உண்டு. வெண்ணெயில் புரட்டி, மேலே கொத்தமல்லித் தழையோடு எதைத் தூவித் தருகிறார்கள் தெரியுமா? மஞ்சள் நிறக் கறிப்பொடி! ருஷ்யாவில் யாரும் அப்படி உண்பதில்லை. 'கறி' என்ற நம் சொல் எப்படியோ பனிக்கடல் ஓரம் வரை போய், ருஷ்யக் கொழுக்கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது.